மூணாம் மாடியின் இரண்டாவது ஆல்பம்

‘மெல்ல’ வெளியாகி ஆறு வாரம் ஆகியிருந்தது. எட்டுப் பாட்டையும் சேர்த்து இதுவரை பத்தொன்பதாயிரம் தடவை கேட்கப்பட்டிருந்தது. இதே குழுவின் முதல் ஆல்பத்தில் ‘ஏழு பத்து லோக்கல்’ என்கிற ஒரு பாட்டு மட்டும் பதினோரு லட்சத்தைத் தாண்டியிருந்தது.

விமர்சனம் என்று வந்தது ஒன்றே ஒன்று. சென்னையில் நடக்கும் ஓர் இணைய இதழ் நான்கு பத்தி எழுதி, கடைசியில் ‘கேட்கலாம்’ என்று முடித்திருந்தது.

“கேட்கலாமாம்! இது என்ன பக்கத்து வீட்ல குடுத்து விட்ட உப்புமாவா, சாப்பிடலாம்னு சொல்றதுக்கு?” என்றாள் அமலா.

சாய் கிருஷ்ணா கிடாரின் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

கொல்கத்தாவின் லேக் கார்டன்ஸில் சாய் கிருஷ்ணா குடியிருந்த மூன்றாவது மாடி ஃப்ளாட்தான் குழுவின் வீடு. அதனால்தான் குழுவுக்கு ‘மூணாம் மாடி’ என்று பெயர். மொத்தம் மூன்று பேர். பொள்ளாச்சிக்காரனான சாய் கிருஷ்ணா கிடார் வாசிப்பான், மெட்டுப் போடுவான். வேலை செக்டர் ஃபைவில் ஒரு ஐ.டி. கம்பெனியில் டெலிவரி மேனேஜர். அமலா பாடுவாள், பேஸ் கிடாரும் வாசிப்பாள். அவள் அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். பிறந்தது, படித்தது, இப்போது பள்ளியில் பூகோளம் சொல்லிக்கொடுப்பது எல்லாமே கொல்கத்தாவில். தன்னைவிட மூத்தவனை ‘சாய்தா’ என்று வங்காள வழக்கப்படி அண்ணன் முறை வைத்துத்தான் கூப்பிடுவாள். ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்கள் அதை ‘டா’ என்று நினைத்து, இந்தப் பெண்ணுக்கு இவ்வளவு திமிரா என்று ஒரு நிமிடம் திகைப்பார்கள்.

மூன்றாவது ஆள் ரிஷி. தேனிக்காரன். ஜாதவ்பூர் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேதியியல் ஆராய்ச்சி. அவன் வாசித்தது உறுமி. அந்த மேளத்துக்கு இரண்டு முகம். ஒன்றில் அடிக்க வேண்டும், இன்னொன்றில் வளைந்த குச்சியை வைத்துத் தேய்க்க வேண்டும். தேய்த்தால் ஏதோ ஒரு பெரிய மிருகம் தொண்டையைக் கனைப்பது போலச் சத்தம் வரும். ‘ஏழு பத்து லோக்கல்’ அந்தக் கனைப்பில்தான் தொடங்கும்.

ஆகஸ்ட் மாதத்திலிருந்து ரிஷி வரவில்லை.

“ஃபெஸ்டிவல்காரர் காலைல போன் பண்ணினார், சாய்தா” என்றாள் அமலா. கரியாஹாட் பக்கம் ஓர் அரங்கில் ஜனவரியில் நடக்கும் இசை விழா அது. மூணாம் மாடிக்கு நாற்பது நிமிடம் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். “ஒரே கேள்விதான். ‘அந்த கொர்ர்ர்னு கத்தற டிரம் ஆஷ்பே தோ?’ன்னு.”

“என்ன சொன்னே?”

“வரும்னும் சொல்லல, வராதுன்னும் சொல்லல. புதன்கிழமைக்குள்ள சொல்லணுமாம். அது இல்லேன்னா அந்த டைமை சிலிகுரி பேண்டுக்குக் குடுத்துடுவாராம்.”

“புது ஆல்பத்துல உறுமி இல்லேன்னு சொல்லலியா?”

“சொன்னேனே. ‘அதான் தெரியுதே’ன்னார்.”

சாய் கிருஷ்ணா கிடாரைச் சுவரில் சாய்த்து வைத்தான். “ரிஷி வர மாட்டான். நான் மூணு தடவை மெசேஜ் பண்ணிட்டேன். தம்ஸ் அப் போடறான், அவ்வளவுதான்.”

“மெசேஜ் பண்ணினா வருவானா? நேர்ல போய்க் கூப்பிடுங்க. என்னால இந்த ஷோவை விட முடியாது. ஸ்கூல்ல பாதிப் பேர்கிட்ட சொல்லிட்டேன். பிரின்சிபால் டிக்கெட்டே வாங்கிட்டாங்க.”

அன்று ஞாயிற்றுக்கிழமை. புதனுக்கு மூன்று நாள் இருந்தது.

*

ரிஷி போனதற்குக் காரணம் சண்டை இல்லை. சண்டை போட்டிருந்தால் சமாதானமாவது செய்யலாம்.

முதல் ஆல்பத்தை அவர்கள் எந்தத் திட்டமும் இல்லாமல் செய்திருந்தார்கள். பத்து ஞாயிற்றுக்கிழமை, ஜன்னல்களைச் சாத்திவிட்டு, மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, வேர்க்க வேர்க்க இதே ஹாலில் பதிவு செய்தது. லேக் கார்டன்ஸ் ஸ்டேஷனில் ரயில் வரும்போதெல்லாம் நிறுத்துவார்கள். நிறுத்த மறந்த ஒரு ரயில் பாட்டிலேயே இருக்கிறது.

அது ஓடிய பிறகு, அடுத்தது என்ன என்ற கேள்வி வந்தது. “இந்தத் தடவை குருட்டாம்போக்குல செய்ய வேண்டாம். கேக்கறவங்களுக்கு என்ன வேணும்னு டேட்டா எடுத்துச் செய்வோம்” என்றான் சாய் கிருஷ்ணா. அவன் ஆபீசில் லிஃப்டுக்கு என்ன நிறம் அடிப்பது என்பதற்கே ஃபார்ம் அனுப்புவார்கள். அவனும் ஒரு ஃபார்ம் தயார் செய்தான். ஒன்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் மூன்று பதில். ஒரே வாரத்தில் நானூற்றுப் பன்னிரண்டு பேர் நிரப்பி அனுப்பிவிட்டார்கள்.

முடிவுகளை ஹாலில் இருந்த டி.வி.யில் போட்டுக் காட்டினான். பாட்டு மூன்று நிமிடத்துக்குள் இருக்க வேண்டும். குரல் மென்மையாக இருக்க வேண்டும். உறுமி பற்றிய கேள்விக்கு, எழுபத்தொரு சதவீதம் பேர் ‘குறைக்கலாம்’ என்று சொல்லியிருந்தார்கள். திரையில் முக்கால் வட்டம் நீல நிறத்தில் இருந்தது.

ரிஷி அதைச் சற்று நேரம் பார்த்தான். “ஜனங்க சொன்னா சரிதான்” என்றான்.

அடுத்த ஆறு மாதம் ஒழுங்காக வந்து, கையில் ஒரு கிலுகிலுப்பையை வைத்துக்கொண்டு வாசித்தான். எட்டுப் பாட்டில் ஒன்றில் மட்டும் உறுமி வந்தது. அதுவும் பக்கத்து அறையில் யாரோ பெஞ்சை நகர்த்துகிற மாதிரி. ஆகஸ்டில் எல்லாம் முடிந்து முழு ஆல்பத்தையும் போட்டுக் கேட்டார்கள். “நல்லாருக்கு” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனான். அடுத்த ஞாயிறு வரவில்லை. அலமாரியின் மேல் வைத்த உறுமியை எடுக்கவும் வரவில்லை.

*

திங்கட்கிழமை மதியம் ஆபீஸ் கேன்டீனில் மேக்னா எதிரில் வந்து உட்கார்ந்தாள். திருச்சிப் பெண், அவன் டீமில் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது.

“சார், உங்க புது ஆல்பம் கேட்டேன் சார். நல்லாருந்துச்சு.”

“எந்தப் பாட்டு?”

மேக்னா ரொட்டியைப் பிய்த்தபடி யோசித்தாள். “எல்லாமே ஒரே மாதிரி நல்லாருந்துச்சு சார்.”

சாய் கிருஷ்ணாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நீங்கெல்லாம் கேட்டதைத்தானம்மா செஞ்சோம். நானூறு பேர் ஃபார்ம்ல சொன்னீங்களே.”

“எந்த ஃபார்ம் சார்?”

“போன ஜனவரில அனுப்பினேனே. உறுமி, குரல், பாட்டோட நீளம்னு.”

“ஓ, அதுவா!” மேக்னாவின் முகம் மலர்ந்தது. “அது நாங்க எல்லாரும் அன்னிக்கே ஃபில் பண்ணிட்டோம் சார். நம்ம ஃப்ளோர்ல ஹண்ட்ரட் பர்சென்ட்.”

“நம்ம ஃப்ளோரா?”

“புராஜெக்ட் மெயிலிங் லிஸ்ட்லதானே சார் வந்துச்சு. எல்லாக் கேள்விலயும் சிவப்பு ஸ்டார் போட்டிருந்தீங்க. ரெண்டு நாள் கழிச்சு ரிமைண்டர் வேற. அப்ரைசல் டைம்ல யார் சார் ரிஸ்க் எடுப்பா?”

“கேள்வியைப் படிச்சீங்கல்ல?”

மேக்னா தயங்கினாள். பிறகு, உண்மையைச் சொன்னால் சார் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்பி, “முதல் ஆப்ஷனை க்ளிக் பண்ணிட்டே போனோம் சார். செக்யூரிட்டி டிரெயினிங் ஃபார்ம் மாதிரி. அனிர்பான், சோஹினிக்கெல்லாம் தமிழே தெரியாதே சார். நான்தான் எல்லாத்துக்கும் ஃபர்ஸ்ட் அடிங்கன்னு சொன்னேன்” என்றாள்.

“அதுக்கு முன்னாடி எங்க முதல் ஆல்பத்தைக் கேட்டிருந்தீங்களா?”

“இப்ப கேட்டுடறேன் சார்” என்றாள் மேக்னா உடனே.

அவன் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு இருக்கைக்குத் திரும்பினான். பழைய விரிதாளைத் திறந்தான். மின்னஞ்சல் முகவரி வரிசையில் ஆபீஸ் முகவரிகளை மட்டும் பிரித்தான். முந்நூற்று ஐம்பத்து நான்கு. அதை எடுத்துவிட்டால் மிச்சம் ஐம்பத்தெட்டுப் பேர். அவர்கள்தான் குழுவின் இணையப் பக்கத்திலிருந்து, பாட்டைக் கேட்டுவிட்டு வந்தவர்கள்.

அந்த ஐம்பத்தெட்டில் ‘உறுமியைக் குறைக்கலாம்’ என்றவர்கள் ஐந்து பேர். ‘இப்படியே இருக்கட்டும்’ பன்னிரண்டு. ‘இன்னும் வேண்டும்’ நாற்பத்தொன்று.

மற்ற எட்டுக் கேள்விகளையும் பார்த்தான். ஒன்பதிலும் ஜெயித்தது முதல் பதில்தான். வருடத்துக்கு இருபது சர்வே பார்க்கிறவன் அவன். வேறு யாராவது கொண்டுவந்து காட்டியிருந்தால் பத்து நொடியில் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பியிருப்பான்.

ஆனாலும் அவனுக்கு ஒரு நிம்மதி. டேட்டா தப்பு. ஆள் தப்பு இல்லை. இதை ரிஷியிடம் காட்டினால் போதும்.

*

செவ்வாய் சாயந்திரம் ஆறு மணிக்கு லேக் மார்க்கெட்டில் டிபன் கடை நிரம்பி வழிந்தது. ரிஷி வாரத்தில் நான்கு நாள் அங்கேதான் சாப்பிடுவான். சாய் கிருஷ்ணா எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தபோது, அவன் ஊத்தப்பத்தில் பாதி முடித்திருந்தான்.

“வாங்க மேனேஜர் சார்” என்றான் ரிஷி. “ஆல்பம் எப்படிப் போகுது?”

“உனக்குத் தெரியாதாக்கும்.”

“பத்தொம்பதாயிரம். அதுல நானே ஒரு எழுபது வாட்டி கேட்டுருக்கேன்.”

“எழுபதா? எதுக்கு?”

“அந்தப் பெஞ்சு நகர்த்துற சத்தம் எங்கிட்டு வருதுன்னு தேடத்தான்.”

பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர் சாம்பாருக்காகக் கையைத் தூக்கினார். சாய் கிருஷ்ணா லேப்டாப்பை மேஜையில் வைக்க இடமில்லாமல் மடியில் வைத்துத் திறந்தான். மேக்னா சொன்னதைச் சொன்னான். பிரித்த எண்களைத் திருப்பிக் காட்டினான்.

“நாப்பத்தொரு பேர் இன்னும் வேணும்னு சொல்லியிருக்காங்க, பாரு. உன்னைக் குறைக்கச் சொன்னது என்ற டீமு. அதுல பாதிப் பேருக்குத் தமிழே தெரியாது. மொத்தமும் டேட்டா எர்ரர்.”

ரிஷி கையைக் கழுவிவிட்டு வந்து, மறுபடி ஒருமுறை திரையைப் பார்த்தான். ஆராய்ச்சிக்காரன் பார்க்கிற மாதிரி, மேலிருந்து கீழே, அவசரமில்லாமல்.

“எல்லாக் கேள்விலயும் முதல் பதில்தான் ஜெயிச்சிருக்கு, இல்லையாண்ணே?”

“ஆமா.”

“‘குறைக்கலாம்’ங்கிறதை முதல்ல வெச்சது யாரு?”

சாய் கிருஷ்ணா லேப்டாப்பை மூடினான். “அது... ஏதோ ஒரு வரிசைல வெச்சேன்.”

“குரலுக்கு ‘மென்மையா இருக்கணும்’, அது முதல்ல. பாட்டு ‘மூணு நிமிசத்துக்குள்ள’, அதுவும் முதல்ல. கிடாருக்கு என்ன முதல்ல வெச்சிருக்க? ‘இன்னும் வேண்டும்’. உறுமிக்கு மட்டும் ‘இன்னும் வேண்டும்’ கடைசில.” ரிஷியின் குரல் உயரவில்லை. “உன் டீமு எதை அடிச்சுச்சோ, அது உன் கைல இருந்து வந்ததுதான். டேட்டா சரியாத்தான் இருக்கு. ஒரே ஆளோட ஓட்டு, முந்நூறு வாட்டி விழுந்திருக்கு.”

காபி வந்தது. இரண்டு பேரும் அதைத் தொடவில்லை.

எழுந்து போய்விடலாம் என்று சாய் கிருஷ்ணாவுக்குத் தோன்றியது. போனால் புதன்கிழமையோடு எல்லாம் முடிந்துவிடும் என்பதும் தெரிந்தது. விழா மட்டும் அல்ல.

“முதல் ஆல்பத்துக்கு இருபத்துமூணு பேர் விமர்சனம் எழுதினாங்க” என்றான். “இருபத்துமூணுலயும் உறுமி. தலைப்பே உறுமி. மெட்டு அத்தனையும் நான் போட்டது. கிடாருன்னு ரெண்டே இடத்துல வந்துச்சு. அதுல ஒருத்தன், ‘கிடாரும் உண்டு’ன்னு எழுதியிருந்தான்.”

ரிஷிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டான். “கிடாரும் உண்டா!”

“சிரி.”

“ஓட்டல் போர்டு மாதிரில்ல எழுதியிருக்கான்.”

“எனக்குப் பொறாமைதான் ரிஷி. ஃபார்ம் போடும்போது அப்படி நினைச்சுப் போடலை. சத்தியமா போடலை. ஆனா அந்த நீல வட்டம் டி.வி.ல வந்தப்ப எனக்குச் சந்தோசமா இருந்துச்சு. சரிபார்க்கத் தோணாம இல்ல. பார்க்க வேண்டாம்னு விட்டுட்டேன்.”

ரிஷி காபியை ஆற்றினான். வெளியே டிராம் தண்டவாளத்தின் மேல் ஆட்டோக்கள் வரிசையாக நின்று ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தன.

“ஏண்ணே, இதை என்கிட்ட மூஞ்சிக்கு நேரா சொல்றதுக்கு என்ன? ‘டேய், உன் மேளம் என் கிடாரை முழுங்குது’ன்னு. நான் நல்லா நாலு வார்த்தை ஏசியிருப்பேன். நீயும் ஏசியிருப்ப. பாட்டு நல்லா வந்திருக்கும். நானூறு பேர் சொல்றாகன்னு காட்டினா, நான் யார்கிட்டப் போய்ச் சண்டை போட? ஆறு மாசம் ஊருக்கே என் வாசிப்பு பிடிக்கலேன்னு நினைச்சுக்கிட்டுக் கிலுகிலுப்பையை ஆட்டிக்கிட்டு இருந்தேன்.”

“தப்புதான்.”

“நீ மெசேஜ்ல சொன்ன ஷோவுக்கு நான் வரணும். அதுக்குத்தானே வந்த?”

“அதுக்கும்தான்.”

ரிஷி காபியைக் குடித்து முடித்தான். “அமலாவுக்குத் தெரியுமா?”

“இல்ல.”

“அவளையும்தானே மெல்லப் பாட வெச்ச. நாளைக்கு நான் வர்றேன். என் முன்னாடி அவகிட்டச் சொல்லு. டேட்டா எர்ரர் கதை இல்ல, இப்பச் சொன்னது. அவ என்ன சொல்றாளோ அதைக் கேட்டுட்டு, வாசிக்கிறதா வேண்டாமான்னு நான் சொல்றேன்.”

*

புதன் சாயந்திரம் அமலா பள்ளியிலிருந்து நேராக வந்திருந்தாள். கையில் திருத்த வேண்டிய பரீட்சைத் தாள் கட்டு. ரிஷி ஹாலில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் “ஏ மா!” என்று கத்திவிட்டாள். சந்தோஷம் நிலைப்பதற்குள் சாய் கிருஷ்ணா சொல்லி முடித்தான். இந்த முறை நின்றுகொண்டே, எதையும் விடாமல்.

அமலா சாய் கிருஷ்ணா பக்கம் திரும்பினாள்.

“எனக்கு ‘மென்மையா’ன்னு முதல்ல வெச்சது எதுக்கு?”

“உன் குரல் உயர்ந்தாலும் கிடார் கேக்காது.”

“தூர்!” என்று வங்காளத்தில் சலித்துக்கொண்டாள். தாள் கட்டு சோபாவில் விழுந்தது. “மாசக்கணக்கா தொண்டையை அடக்கி அடக்கிப் பாடினேன், சாய்தா. கிளாஸ்ல கூட மெல்லப் பேச ஆரம்பிச்சுட்டேன். பசங்க, ‘மிஸ், உடம்பு சரியில்லையா’ன்னு கேட்டாங்க. அம்மா ஈ.என்.டி. டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனாங்க!”

“டாக்டர் என்ன சொன்னாரு?” என்றான் ரிஷி.

“வாயை மூடு நீ. நீயும் ஒரு ஆளா? உனக்குப் பிடிக்கலேன்னா சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? ‘ஜனங்க சொன்னா சரி’யாம். தியாகி!”

ரிஷி இதை எதிர்பார்க்கவில்லை.

“ரெண்டு பேரும் ஒண்ணுதான். ஒருத்தர் ஃபார்ம் போட்டுச் சொல்றார், ஒருத்தன் காணாம போய்ச் சொல்றான். எனக்கு மட்டும்தான் வாய் இருக்கு. அதையும் மென்மையா வெச்சுக்கணும்.” அவள் போனை எடுத்தாள். விழா அமைப்பாளரின் எண்ணை அழுத்திவிட்டு, ரிஷியையே பார்த்துக்கொண்டு நின்றாள். போனில் மணி அடிப்பது எல்லோருக்கும் கேட்டது. மறுமுனையில் ஒரு ஹலோ.

ரிஷி தலையை அசைத்தான்.

“ஆஷ்பே, தாதா. டிரம் ஆஷ்பே” என்றாள் அமலா போனில், தன் பழைய குரலில்.

அலமாரியின் மேலிருந்து உறுமியைச் சாய் கிருஷ்ணாவே நாற்காலி போட்டு ஏறி எடுத்தான். ஐந்து மாதத் தூசி. கயிறு தளர்ந்து தோல் தொய்ந்திருந்தது. ரிஷி தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு கயிறாக இழுத்து முறுக்கினான். அரை மணி நேரம் ஆயிற்று. அதற்குள் அமலா ஒன்பதாம் வகுப்பின் இரண்டு தாள்களைத் திருத்திவிட்டாள். இரண்டிலும் மதிப்பெண் குறைவு.

‘மெல்ல’வின் பாட்டுகளில் எதை வாசிப்பது என்று பேசினார்கள். எட்டில் இரண்டு தேறும் என்றாள் அமலா. ஒன்று என்றான் ரிஷி. மூன்று என்றான் சாய் கிருஷ்ணா. கடைசியில் இரண்டு என்று முடிவாயிற்று. மற்றதெல்லாம் முதல் ஆல்பம். புது ஆல்பம் அப்படியே இருக்கட்டும், அழிக்க வேண்டாம், பத்தொன்பதாயிரம் தடவை யாரோ கேட்டிருக்கிறார்களே என்றும் பேசிக்கொண்டார்கள். அதில் எழுபது ரிஷியுடையது என்று சாய் கிருஷ்ணா சொன்னபோது அமலா முதல் தடவையாகச் சிரித்தாள்.

தேறிய இரண்டில் ஒன்றை எடுத்துத் தொடங்கினார்கள். ரிஷி குச்சியைத் தேய்த்தான். ஹால் முழுக்க அந்தக் கனைப்பு நிரம்பியது. அமலா குரலை எடுத்தாள். முதல் சரணம் முடிந்து இரண்டாவது வரும்போது ரிஷி வழக்கம்போல வேகத்தைக் கூட்டினான்.

சாய் கிருஷ்ணா வாசிப்பதை நிறுத்தினான்.

“என்ன?” என்றான் ரிஷி.

“இந்த இடத்துல நீ ஓடறே. என்ற கிடார் சுத்தமா கேக்கல. உன் மேளம் முழுங்குது.”

“நான் ஓடலை. நீ நொண்டற.”

“நொண்டறனா? மெட்டு போட்டவன் நான்டா!”

“போட்டா என்ன? போட்டுட்டுப் போக வேண்டியதுதானே, பின்னாடியே வந்து நிக்கிற.”

அமலா பேஸ் கிடாரைத் தோளில் சரிசெய்துகொண்டு, “சண்டை முடிஞ்சதும் சொல்லுங்க, சிவப்பு பேனா கைல இருக்கு” என்றாள்.

முடியவில்லை. மறுபடி தொடங்கினார்கள், மறுபடி நின்றது. ஒன்பது மணிக்குக் கலையும்வரை அந்த ஒரு பாட்டை ஏழு தடவை நிறுத்தினார்கள். நான்கு தடவை சாய் கிருஷ்ணா. மூன்று தடவை ரிஷி.